கோர்டனின் பின்வீச்சு

இனிமேல் எவனுக்கும் டீ போடுவதில்லை என்று கோர்டன் மக்காலி செப்டம்பர் முதல் தேதி காலையில் சபதம் செய்தார். சபதம் செய்துவிட்டு, நோலீனுக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு போனார். மனைவிக்குப் போடுவது கணக்கில் சேராது. இது வில்லோ வளைவுத் தூண்டில் சங்கத்தாரை மனதில் வைத்துச் செய்த சபதம்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். அக்டோபர் ஒன்றாம் தேதி மட்டௌரா ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும். அன்று காலையில் தண்ணீரில் இறங்குவதற்கு முன், புது ஆள் எல்லார் முன்னாலும் நுனியில் பொய் ஈ கட்டிய ஈத்தூண்டிலை மூன்று முறை வீசிக் காட்ட வேண்டும். மூன்றில் ஒன்றாவது நேராகப் போய் விழுந்தால் அவர் மீன்பிடிக்காரர். விழாவிட்டால் கரையில் நெருப்பு மூட்டி, பருவம் முழுக்க மற்றவர்களுக்கு டீக்காரர்; அடுத்த வருஷம்தான் மறுபடி வீசிப் பார்க்கலாம். பாவம், கோர்டனுக்குப் போன வருஷம் ஒன்று கூட விழவில்லை. ஏழு மாதம் டீ போட்டார். ஆளாளுக்கு அதில் குறை வேறு சொன்னார்கள். ஐம்பத்தொன்பது வயதில், நாலு அடி தள்ளி மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டுக்கொண்டு நிற்பது பெரிய துக்கம். அந்தத் துக்கத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் விடுவதில்லை. நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் வந்தது. கொக்கியும் இறகும் கட்டிய பொய் ஈக்குப் பதிலாக, கயிற்றின் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டிக்கொண்டு, வீட்டுப் புல்தரையிலேயே பழகலாம் என்று அதில் போட்டிருந்தது. கயிற்றை முதலில் பின்னால் வீசி, அது காற்றில் நீண்டதும் முன்னால் வீச வேண்டும். தலைக்கு நேர் மேலே கடிகாரத்தின் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் கோல் பத்தில் நிற்க வேண்டும், பின்னால் ஒன்றில் நிற்க வேண்டும். ஒன்றைத் தாண்டி மணிக்கட்டு சாய்ந்தால் கயிறு பின்னால் தரையில் போய் அறையும், அப்புறம் முன்னால் எதுவும் உருப்படாது. முழங்கை விலகாமல் இருக்க அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். நூலகப் புத்தகத்தை இடுக்கினால் அதைப் படிக்க முடியவில்லை. அதனால் நோலீனின் சமையல் புத்தகத்தை இடுக்கினார். புத்தகம் இல்லாமல் சமைக்க வராது என்று நோலீன் மூன்று வாரம் ஆறிப்போன ஆட்டிறைச்சியும் ரொட்டியும் போட்டாள்.

இதில் ஒரு குடும்பச் சிக்கலும் இருந்தது. குளிர்காலத்தில் கழிவுக் குழாய் மாற்றத் தோண்டியதில் கொல்லைப்புறப் புல்தரை பாதி மண்ணாகிப் போயிருந்தது. நவம்பரில் ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகத் தோட்டம் பார்க்க வருவார்கள். முதல் தடவையாக நோலீன் பெயரும் பட்டியலில் இருந்தது. அவள் மண்ணைச் சமப்படுத்திப் புல்விதை தூவிவிட்டாள். விதை மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது போல ஊர்ச் சிட்டுக்குருவிகள் மொத்தமும் வேலி மேல் வந்து உட்கார்ந்தன. முளைக்கிறவரை மூன்று வாரத்துக்குக் குச்சி நட்டு வலை கட்டிக் கொடு என்று கோர்டனிடம் கேட்டாள். இரண்டு நாள் வேலை.

"வலை கட்டினா என் கயிறு அதுல மாட்டிக்கும், நோலீன்."

"அப்போ குருவி?"

"குருவி என்ன, ஆளுக்கு நாலு விதை தின்னும். எனக்கு இருக்கறது முப்பது நாள்."

நோலீன், சரி, வலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு லேசாக அவர் ஒரு வாதத்தில் ஜெயித்ததே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனுஷன் அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டு திரிந்தார்.

கொல்லைப்புறத்தில் வீசுவதற்கு நீளமான இடம் ஒன்றுதான். எதிரே வேலி, பின்னால் விதைத்த மண், அதற்கும் பின்னால் சமையலறை ஜன்னல். கோர்டன் நடுவில் நின்று வேலியைப் பார்த்து வீசினார். முன்வீச்சு கண்ணுக்குத் தெரிந்தது. பின்வீச்சில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தோளும் சேர்ந்து திரும்பி, கயிறு கழுத்தைச் சுற்றியது. முப்பது வருஷம் பால் டேங்கர் ஓட்டியவர் அவர். பின்னால் பார்க்க இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தே பழகிய ஆள். இப்போது முதுகுக்குப் பின்னால் உலகமே இருட்டாக இருந்தது.

மூன்றாம் நாள் நோலீன் ஜன்னலைத் திறந்தாள். கையில் ஒரு தகரத் தட்டும் கரண்டியும் இருந்தன. குருவி விரட்டக் காலையிலிருந்து அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே உன் பின்வீச்சைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். கோர்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டையும் கரண்டியையும் அவள் உள்ளே வைத்ததை அவர் கவனிக்கவில்லை.

முதல் வாரம் அவர் வீச்சு மகா மட்டம். மணிக்கட்டு மடங்கிக் கோல் பின்னால் சாய, கயிறு மண்ணில் சப்பு சப்பென்று அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் குருவிகள் பறந்தன. கோர்டன் விடாமல் பழகினார். இரண்டாவது வியாழக்கிழமை அது வந்தது. கை சரியாக ஒரு மணியில் நின்றது. கயிறு பின்னால் உயரே போய் விரிந்ததைக் கோலே உள்ளங்கையில் இழுத்துச் சொன்னது. முன்னால் சிவப்புக் கம்பளி சத்தமில்லாமல் புல்லில் வந்து இறங்கியது. மறுபடி வீசினார், மறுபடி இறங்கியது. வாழ்க்கையில் ஒரு காரியம் கைக்கு வந்துவிட்டது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பின்னால் குருவிகள் கும்பலாக வந்திறங்கி நிம்மதியாக மேயத் தொடங்கின. நோலீன் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"இன்னைக்கு என்ன ஆச்சு உனக்கு?"

"ஏன், நல்லாத்தானே போகுது? கோல் தானா வளையுது பாரு."

"முன்னாடி நிக்கறவனுக்கு அப்படித்தான் தெரியும். பின்னாடி பாக்கறவ நான். உன் கை பதினொண்ணுலயே நின்னுடுது."

"ஒண்ணுலதானே நிறுத்தினேன்?"

"உனக்கு அது ஒண்ணு. எனக்குத் தெரியறது பதினொண்ணு. இன்னும் நல்லா பின்னாடி விடு. கையை இறுக்காதே."

கோர்டன் கொஞ்சம் விட்டார். போதாது என்றாள். இன்னும் விட்டார். கோல் இரண்டைத் தாண்டி மூன்றுக்குப் போய், கயிறு மண்ணில் அறைந்தது. குருவிகள் பறந்தன.

"ஆங். இதான் ஒண்ணு," என்றாள் நோலீன்.

அன்றிலிருந்து அவருக்குப் பொற்காலம். கயிறு அறைந்தால் ஜன்னலிலிருந்து சபாஷ் வந்தது. தப்பித்தவறி உயரே போனால் உச்சுக்கொட்டல் வந்தது. மூன்று மணிக்குச் சமையல் புத்தகம் இல்லாமலே சுட்ட சூடான ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் வந்தன. இடது ஓரத்தில் குருவி சேர்ந்தால், கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளி நின்று வீசு, அங்கே காற்று வசதியாக இருக்கிறது என்றாள். தள்ளி நின்றார். இத்தனை வருஷத்தில் அவள் அவரை இவ்வளவு பாராட்டியதில்லை, கல்யாணத்தன்றும் கூட. சொன்னால் வெட்கம், அந்தப் பாராட்டுக்காகவே காலையில் எட்டு மணிக்கெல்லாம் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கை எதைச் சரியாகக் கற்றதோ அதைப் பதினைந்து நாளில் சுத்தமாக மறந்தது.

அக்டோபர் ஒன்று விடிந்தது. ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் உறைபனி. சங்கத்தார் பதினான்கு பேர் நெருப்பைச் சுற்றி நின்றார்கள். போன வருஷத்து டீக்காரர் இன்னும் தீர்ப்பாகாத நிலையில் இருந்ததால், கெட்டிலைத் தலைவர் இங்லிஸே நெருப்பில் வைத்திருந்தார். நோலீனின் தம்பி ட்ரெவரும் இருந்தான்.

கோர்டன் தைரியமாக முன்னால் வந்தார். முதல் வீச்சில் கயிறு பின்னால் கல்லில் அறைந்து கொக்கி முறிந்தது. புது ஈ கட்டிக்கொண்டு இரண்டாவது வீசினார். கயிறு ஆற்றுப் பக்கம் போகாமல் அவர் தொப்பியின் மேலேயே மடிந்து மடிந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நோலீனின் குரலை நினைத்துக்கொண்டார். பின்னாடி விடு, கையை இறுக்காதே. விட்டார். மூன்றாவது வீச்சு பின்னால் எதையோ பிடித்தது. பிடித்ததை இழுத்தார். கெட்டில் கவிழ்ந்து நெருப்பு அணைந்தது.

இங்லிஸ் புகையை விலக்கிக்கொண்டு வந்து, கெட்டிலின் கைப்பிடியில் மாட்டியிருந்த ஈயைப் பொறுமையாகக் கழற்றினார்.

"கெட்டிலை நீயே பிடிச்சுட்ட, மக்காலி. நாங்க தீர்ப்பு சொல்ல என்ன இருக்கு," என்றார். இந்த மாதக் கடைசியில் தொழிலாளர் தின விடுமுறையான லேபர் வீக்கெண்டில் இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், அதுவரை சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போடும்படியும் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

கோர்டன் மறுபடி நெருப்பு மூட்டினார். புகை ஒரு சாக்கு; கண்ணீர் தானாகவே வந்தது. பத்து மணிக்கு ட்ரெவர் இரண்டு மீனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல மச்சான். நடுவுல ஒரு நாள் உங்க வீட்டு வழியா வந்தேன். வேலிக்கு மேல பாத்தேன். அவ்வளவு அழகா வீசிக்கிட்டிருந்த. நானே அசந்துட்டேன்."

"எப்போ?"

"ஒரு வியாழக்கிழமை. உன் பின்னாடி மண்ணுல குருவிக் கூட்டம் மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்குக்கூட சத்தம் கேக்கல, அவ்வளவு நைசா வீசின."

கோர்டன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எத்தனை நாள் சபாஷ் வாங்கினார் என்று எண்ணிப் பார்த்தார். அந்த நாட்களில் கொல்லைப்புறத்தில் எத்தனை குருவி நிம்மதியாக மேயப் பார்த்தார் என்றும் யோசித்தார். ஒன்றும் இல்லை. ஒரே ஒரு குருவி கூட இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கொல்லைப்புறத்தில் புல் ஒரு விரற்கடை உயரத்துக்கு, ஒரு சொட்டை விழாமல், பச்சைப் பசேலென்று நின்றது. நோலீன் சமையலறையில் சீஸ் ரோல் சுட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தைக் கோர்டன் வாசலிலேயே தொடங்கினார்.

"நான் சரியாத்தான் வீசிக்கிட்டிருந்தேன். வேணும்னே கெடுத்துட்ட."

"ஆமா."

"ஆமாவா?"

"வலை கட்டச் சொன்னேன், மாட்டேன்ன. குருவியை யாராவது விரட்டணும்ல?"

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம். வந்து நின்னு குருவி விரட்டுன்னு."

"கேட்டிருந்தா நின்னிருப்பியா? மூணு வாரம்? காலையில எட்டு மணிக்கு?"

கோர்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் ஒரு சீஸ் ரோலைத் தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். சாப்பிடக் கூடாது என்று நினைத்தார், பசித்தது. பாதி ரோலுக்கு மேல் ரோஷம் தாங்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார். லேபர் வீக்கெண்டில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆனால் கைக்குச் சரியானது எது என்றே தெரியவில்லை, அந்த வியாழக்கிழமை எப்படி நின்றேன், எங்கே நிறுத்தினேன், எல்லாம் போய்விட்டது என்றார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள் நோலீன். "காலு எப்படி வெச்சிருந்த, கை எங்க நின்னுச்சு, எல்லாம். வரிசையா பதினேழு வீசின. ஒண்ணு கூட பிசகல. நானே பாத்திரத்தைக் கீழ வெச்சுட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன், கோர்டி. பாக்க ரொம்ப நல்லா இருந்துச்சு."

இதுதான் அவரை அடியோடு கவிழ்த்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அப்போ சொல்லிக் குடு."

"ட்ரெவரைக் கேளேன்."

"அவன் உன் தம்பி."

"அதுவும் சரிதான்." கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "சொல்லித் தரேன். பழையபடி கொண்டுவந்துடலாம், ஒரு வாரம் போதும். ஆனா நாளைக்குப் பட்டாணி விதைக்கறேன். குருவி குருத்தைக் கிள்ளாம இருக்கணும்னா முதல் ரெண்டு வாரம் நீ இப்ப வீசற மாதிரியே வீசு. அப்புறம் கடைசி வாரம் சரியா வீசு."

இரண்டும் ஒன்றும் மூன்று. லேபர் வீக்கெண்டுக்குச் சரியாக மூன்று வாரம்தான் இருந்தது. அவள் கணக்குப் பார்த்துத்தான் பேசுகிறாள் என்பது கோர்டனுக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் வரும்போது பீன்ஸ் விதைக்க மாட்டாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதும் தெரிந்தது. இந்த உலகத்தில் அவருடைய நல்ல வீச்சைப் பின்னாலிருந்து முழுசாகப் பார்த்த கண் அந்த ஒரு ஜோடிதான் என்பதும் தெரிந்தது.

மீதிப் பாதி சீஸ் ரோலையும் தின்றுவிட்டு எழுந்து, பட்டாணிப் பாத்தி எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டார்.