இரண்டு ரம்பங்களும் ஒரு வெந்நீர்ப் பையும்

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை. இன்றைய தேதியில் என் வயது எழுபத்தெட்டு வருடம், நான்கு மாதம், பதினொரு நாள். போனில் பேசும்போதெல்லாம் "இந்த வயசுல" என்று நீ ஆரம்பிப்பதால், எந்த வயதில் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நலம். நலமில்லை என்று எழுதினால் மறுநாளே பெட்டி கட்டச் சொல்வாய் என்பதால், மறுபடியும் நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல் என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் உன்னிடமிருந்து இந்த ஊருக்கு இரண்டு பார்சல்கள் வந்தன. ஒரே நாள், ஒரே ஆள் கொண்டுவந்தான். பெற்ற தாய்க்கு வெந்நீர்ப் பை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமியாருக்கு, பேட்டரியில் ஓடும் சங்கிலி ரம்பம். என் வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கும் மரக்கிளைகள் மழைக்கு முன் வெட்டப்படாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது எனக்கு. வெட்டுகிற கருவியை அனுப்பியது அவருக்கு. இந்தத் தர்க்கத்தை உனக்கு யார் கற்பித்தார்கள் என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய நான் கற்பிக்கவில்லை.

பார்சலைப் பிரித்த அன்று மாலையே சம்பந்தியம்மா வந்தார். கண்ணுக்குத் தடித்த கண்ணாடி, கைக்கு உறை, தலைக்கு மஞ்சள் தொப்பி, எல்லாம் நீ அனுப்பியவை. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் அல்லவா, எதையும் விசில் ஊதித் தொடங்குவதுபோலத்தான் தொடங்குவார். "மாப்பிள்ளைக்கு என்மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்க சம்பந்தி" என்றார். ஒரு பொத்தானை அழுத்தினார். வாசல் செடியிலிருந்து விரல் பருமனுக்கு ஒரு கொம்பு விழுந்தது. செடி என்னுடையது. நான் நன்றாக இருக்கிறது என்றேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிந்தது, வெந்நீர்ப் பையை அதன்மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். அந்த அளவில் உன் பரிசு பயன்பட்டது என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை கடை திறக்குமுன்பே போய் நின்று, என் ஓய்வூதியத்தில், பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றை வாங்கினேன். அவருடையதற்குத் தகடு ஆறு அங்குலம், என்னுடையதற்குப் பத்து. கடைக்காரர், "ரெண்டரை கிலோதாம்மா, பொறந்த குழந்தை மாதிரி தூக்கலாம்" என்றார். எந்தக் குழந்தை ரெண்டரை கிலோவிலேயே நிற்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் போடுகிற எடை வெறும் உடம்பின் எடை. சங்கிலி ஓடும் தகடு தனி, சங்கிலி தனி, சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. எல்லாம் சேர்ந்து வீடு வந்தபோது அந்தக் குழந்தை நடக்கிற வயதை எட்டியிருந்தது. உன் மாமியாருடைய பெட்டியிலும் இதே மோசடிதான். ஒரு கிலோ நூறு கிராம் என்று போட்டிருந்ததில் பேட்டரியைச் சேர்க்கவில்லை. பேட்டரி இல்லாமல் அவர் எதால் அறுப்பார், பல்லாலா?

ஆகவே உண்மையான எடையைக் கண்டுபிடிப்பது என்று முடிவாயிற்று. என் வீட்டுக் குளியலறையில் ஆள் நிற்கும் எடை இயந்திரம் இருக்கிறது. ரம்பத்தைத் தனியாக வைத்தால் முள் அசையவில்லை. ஆள் தனியாக நிற்பது, பிறகு ரம்பத்தோடு நிற்பது, கழித்தால் ரம்பத்தின் எடை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. ஆனால் தனியாக நிற்கும்போது அடுத்தவர் பார்க்கக் கூடாது என்பதில் இருவரும் ஒரே மனமாக இருந்தோம். சம்பந்தியம்மா கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிட்டு, வெளியே வந்து, "அறுபது" என்று அறிவித்தார். பிறகு ரம்பத்தோடு என் கண்ணெதிரே ஏறினார். அறுபத்தாறரை. பூங்கொத்துபோல நீ அனுப்பிய ரம்பத்தின் எடை ஆறரை கிலோ என்று நான் உரக்கப் படித்தேன். அந்த மகிழ்ச்சியை இந்தக் கடிதத்தில் விவரிக்க இயலாது. அடுத்தது என் முறை. நானும் கதவைச் சாத்தினேன், நானும் வெளியே வந்து "ஐம்பத்திரண்டு" என்றேன், ரம்பத்தோடு ஏறினேன். ஐம்பத்தொன்பது. "அப்போ உங்களுது ஏழு கிலோ. எனக்கு ஆறரைதான்" என்றார் உன் மாமியார்.

பிறகு அவர் வெளியூர்ப் பயணத்தில் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்துவர, இரண்டையும் தொங்கவிட்டோம். அவருடையது ஒரு கிலோ தொள்ளாயிரம். என்னுடையது மூன்று கிலோ தொள்ளாயிரம். மிச்ச எடையைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனாலும் கணக்கு தெரிந்தவள் நான். அவர் மறைத்தது நாலரை கிலோவுக்கு மேல், நான் மறைத்தது மூன்று கிலோ சொச்சம். பொய்யிலும் நான்தான் இலேசு.

அடுத்து செயல்திறன். மொட்டைமாடியில் நின்றால் கைக்கு எட்டுகிற கிளைதான். அதில் நாலு அங்குலப் பருமன் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். என் ரம்பம் ஐந்து வினாடியில் அறுத்தது. அவருடையது பதினான்கு வினாடி எடுத்தது, நடுவில் ஒருமுறை திணறி நின்றது. நான் கடிகாரத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "அஞ்சு வினாடி சரி. கயித்தை இழுத்து இழுத்துக் கிளப்பினதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்று கேட்டார். ஒன்பது இழுப்பு. எழுதவில்லை. சத்தத்தில் எதிர்வீட்டு வாடகைக்காரர் ஜன்னலைச் சாத்தியதையும், புகையில் துணியெல்லாம் நாறியதையும் எழுதவில்லை. அவருடைய பேட்டரி பாதி மரத்தில் தீர்ந்து, சார்ஜ் ஏறும்வரை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் பிஸ்கட்டுகளை அவர் தின்றதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

எப்படியோ, கிளைகள் முழுவதும் வெட்டியாகிவிட்டது. கூரைமேல் இப்போது ஓர் இலைகூட இல்லை. பெட்டி கட்டும் பேச்சு இத்துடன் முடிந்தது.

ஆய்வின் முடிவு இது: பெட்ரோல் வேகம், ஆனால் கனம், பேட்டரி இலேசு, ஆனால் சோம்பல். இரண்டுக்கும் நடுவில், பத்து அங்குலத் தகடுள்ள பேட்டரி ரம்பம் ஒன்று இருக்கிறது என்று கடைக்காரர் சொல்கிறார். மாமியாருக்கு ஒன்று என்றால் தாய்க்கு அதைவிட ஒருபடி மேலானது என்பது நியாயம். அதை உடனே அனுப்பிவை. பெட்டிக்கு வெளியே பெறுநர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுது. கொண்டுவருகிறவன் அவர் வீட்டு வழியாகத்தான் வருவான்.

மருமகளுக்கு என் ஆசி. பேத்திக்கு ஒரு முத்தம், முகத்தைத் துடைத்தபிறகு. உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும், அந்த வரிசையில்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்.

பின்குறிப்பு: ரம்பம் அனுப்பாதே. எந்த அளவிலும் வேண்டாம். ஒன்பது முறை கயிற்றை இழுத்தது உன் மாமியார். என் ரம்பத்தால் அறுத்ததும் அவர்தான், தன்னுடையதால் அறுத்ததும் அவர்தான். நான் கடிகாரம் பிடித்தேன். நிபந்தனை கிளைகளைப் பற்றியது. கை யாருடையதாக இருக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை, ஆகவே நான் இங்கேதான் இருப்பேன். என் வலது கை தோளுக்கு மேல் எழும்பி இரண்டு வருடமாகிறது. உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்று உனக்கே தெரியும். அன்றுமுதல் தினமும் காலையில் வந்து எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுப் போகிறவர் உன் மாமியார். வகிடு ஒருநாள்கூட நேராக வந்ததில்லை. அதை நான் அவரிடம் சொன்னதில்லை, நீயும் சொல்லிவிடாதே.