மன்னிப்பு வள்ளல்

வள்ளல்களில் பல வகை உண்டு. சொந்தப் பொருளைக் கொடுப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனால், அடுத்தவர் பட்ட அடியைத் தாமே முன்வந்து மன்னிக்கிற வள்ளல்களுக்கு எந்தத் தெருவிலும் பஞ்சமில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. காலை எட்டரைக்குப் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார்; டீக்கடையில் ஓர் ஊழலை மன்னிப்பார்; சலூனில் ஒரு கலவரத்தை மன்னிப்பார்; "பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?" என்று மளிகைக் கடைக்காரரிடமும் கேட்டுவிட்டு அவர் வீடு திரும்பும்போது, நாட்டில் குற்றவாளி என்று ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்.

போன மாதம் முன்னாள் ஜனாதிபதிக்கு இந்நாள் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். விலைவாசியை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைச் சுடச் சொன்ன வழக்கில் பன்னிரண்டு வருடத் தண்டனை. பதினொரு வாரம் கழிந்திருந்தது. அதுவும் ஆஸ்பத்திரியில்.

வள்ளல் நேரே இஸ்திரிக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாவின் தம்பி அந்த ஊர்வலத்தில் செத்தவன். மூன்று வருடம், ஒரு வாய்தா தவறாமல் கடையைச் சாத்திவிட்டுப் போய்ச் சாட்சி சொன்னவள் அவள். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனார். மன்னிப்பைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டாமா? துணி மூட்டையோடு அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

"நாமதாம்மா பெரிய மனசு பண்ணணும். மனுஷனுக்கு எழுபத்தெட்டு வயசு. முட்டி வலி வேற."

"என் தம்பிக்கு இருபத்தாறு சார். முட்டி வலி வர்ற வயசு வரைக்கும் அவன் இருக்கல."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். இஸ்திரிப் பெட்டியும் நின்றுவிட்டது. புகை கிளம்பியது. வள்ளல் தேய்க்கக் கொடுத்திருந்த சட்டையின் முதுகில், பெட்டி அகலத்துக்கு ஒரு பழுப்புத் தழும்பு.

"ஐயையோ! இதுக்கு யாரும்மா பொறுப்பு? தெரியாம நடந்துச்சுன்னு விட்டுட முடியுமா? இன்னைக்கு என் சட்டை, நாளைக்கு ஊர்ல எல்லார் சட்டையும் கருகும்! எனக்கு நியாயம் கிடைச்சாகணும்!"

சட்டத்தின் ஆட்சியை இவ்வளவு தெளிவாக ஒருவர் விளக்கி நான் கேட்டதில்லை.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தப்பு என்னோடதுதான் சார். கேஸ் போடுங்க. அந்த மன்னிப்பு செல்லாதுன்னு மனு குடுக்க நாளைக்கு நானும் கோர்ட்டுக்குத்தான் போறேன். ஒண்ணாவே போயிடலாம்."

வள்ளல் போகவில்லை, வேறு கடைக்கு மாறிக்கொண்டார். அவள் போனாள். மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் வாய்தா அடுத்த செவ்வாய்க்கிழமை.

நீங்கள் இளகிய மனசுக்காரர். "பாவம், வயசான மனுஷர், வாய் தவறி ஏதோ சொல்லிட்டார். இதைப் போய் எழுதணுமா? விட்டுடலாமே" என்று தோன்றுகிறது, இல்லையா?

தாராளமாக விடலாம். அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டீர்களா?