நாலே நிமிடத்தில் நல்லவரான வீட்டுக்காரர்

அபிராமபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பெரியப்பாவுக்கு ஸ்ரீரஞ்சனியின் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். புனேயில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரையிலாவது.

இரண்டு நாளாக முன்பின் தெரியாதவர்களெல்லாம் உங்களைக் கூப்பிட்டு, "வீட்டுல மட்டன் சமைக்கலாமா சார்?" என்று கேட்கிறார்களாம், அதற்குக் காரணம் நான்தான் என்று அம்மாவிடம் கத்தினீர்களாம். காரணம் நான்தான். போனில் சொல்லலாம் என்றால் எப்போதும் யாராவது உங்களிடம் வீடு கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் ஜான்சியிடம் தொடங்குகிறது. பட்டினப்பாக்கத்துப் பெண், நந்தனத்தில் என்னோடு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அம்மா ஜெசிந்தா மீன் விற்கிறவர். அவர்கள் குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பூட்டிக் கிடக்கும் உங்கள் கீழ்வீட்டைக் கேட்டுப் போன மாதம் வந்தாள். சாவி வைத்திருக்கும் நம் குடியிருப்புச் செயலாளர் அச்யுத் மாமா, "ஆத்துல என்ன சமைப்பேள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்ததும், வீடு போயிடுத்து என்றார். வீடு எங்கேயும் போகவில்லை, பெரியப்பா. வாசலில் 'வாடகைக்கு, சைவம் மட்டும்' என்ற உங்கள் பலகையோடு அங்கேயேதான் கிடந்தது.

நேரில் கேட்டால் இங்கே எல்லோரும் உத்தமர்கள். அதனால் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு ஓர் இருபது நிமிட நாடகம் எழுதினேன். முதல் காட்சியில் வீட்டுக்காரர் ஒரு மீனவக் குடும்பத்துக்கு வீடில்லை என்கிறார். இரண்டாவதில் அவருடைய மகனுக்கு வெளியூரில், பெருங்காய வாசனை ஆகாது என்று வீடு மறுக்கிறார்கள் (உங்கள் பிள்ளை ஸ்ரீநாத் அண்ணாவின் கதைதான், மன்னிக்கவும்). மூன்றாவதில் மனம் மாறி, பலகையில் 'சைவம் மட்டும்' என்பதைத் தன் கையாலேயே பெயிண்ட் அடித்து அழிக்கிறார். வீட்டுக்காரராக அச்யுத் மாமா, மனைவியாக சூடாமணி மாமி, வீடு கேட்பவளாக ஜான்சி. அவளை மாமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருந்தால்தானே!

ஒத்திகையிலேயே வினை தொடங்கியது. "முதல் சீன்ல நான் கெட்டவனா? முன்வரிசைல என் சம்பந்தி உக்காந்துண்டிருப்பார்!"

"மூணாவது சீன்ல மாறிடறேளே, மாமா."

"அவர் ரெண்டாவது சீன்லயே சாப்பிடப் போயிடுவார்."

மாமியோ, "நான் எதுக்கு மாறணும்? நான் மொதல்லேர்ந்தே நல்லவ" என்றார். மனம் மாற வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தப்பான மனம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை மேடையில் பொய்யாகக்கூட ஒப்புக்கொள்ள ஆளில்லாத குடியிருப்பு இது.

விழாவன்று ஜான்சி, "சார், வீடு..." என்று வாயைத் திறந்ததுமே மாமா, "வாம்மா, வாம்மா! இந்த வீடு உன்னோடதுதான்!" என்றாரே பார்க்கலாம். மாமி விடுவாரா? "நான் காலைலயே சொல்லிட்டேனே, இவாளுக்குத்தான் குடுக்கணும்னு!" பலத்த கைதட்டல். நாலு நிமிடத்தில் நாடகம் முடிந்துபோனது. திரை இழுக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கெஞ்ச வேண்டிய ஜான்சிக்குக் கெஞ்ச ஒன்றுமில்லை, கோபம்தான் மிச்சம் இருந்தது.

"அப்ப போன மாசம் நான் வந்தப்ப மட்டும் ஏன் சார் வீடு போயிடுச்சுன்னீங்க?"

மாமா அப்போதுதான் அவளை உற்றுப் பார்த்தார். "இது... டயலாக்ல இல்லையேம்மா."

"நீங்க சொன்னது மட்டும் இருந்துச்சா?"

கூட்டத்திலிருந்து ஜெசிந்தா அம்மா எழுந்தார். "இன்னா நைனா, வூடு உன்னுதுதான்னு இப்பத்தான சொன்ன? அத்தினி பேரும் கேட்டுக்கினுதான கீறாங்க? சாவிய குட்துடு!"

சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார். மாமா வெளிறினார், முறைத்தார், வியர்த்தார். சாவியை எடுக்கத் துணிவில்லாமல் பிரஷை எடுத்துப் பலகையில் 'சைவம் மட்டும்' என்ற வரியை அழித்தார். அது உங்கள் நிஜப் பலகை, பெரியப்பா. நாடகத்துக்கென்று தனியாக ஒன்று எழுதச் சோம்பல்பட்டு, உங்களுடையதையே கழற்றி வந்திருந்தேன். பெயிண்டும் நிஜ எனாமல். மறுநாள் காவலாளி லாரன்ஸ் அதைப் பொறுப்பாகத் தூசி தட்டி, உங்கள் நம்பரோடு மறுபடி வாசலில் மாட்டிவிட்டார்.

இப்போது மாமா நடைப்பயிற்சியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "நான் எப்பவுமே இப்படித்தான், ஓய்" என்கிறார். சாவியைக் கேட்டால் மட்டும், "சுப்பராமன் சரின்னு ஒரு வார்த்தை எழுதட்டும்" என்கிறார். அந்த ஒரு வார்த்தையை உடனே எழுதுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதாதீர்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஜான்சியின் வீட்டுக்குக் கூரை இருக்காது. மாறினால் மாறினேன் என்றே எழுதுங்கள். ஆரம்பத்திலிருந்தே நல்லவர் என்ற சான்றிதழ் என் கையால் யாருக்கும் கிடைக்காது. அப்படிப்பட்ட பொய் எனக்கு வராது.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். ஸ்ரீநாத் அண்ணாவின் இப்போதைய வீட்டுக்காரருக்காவது பெருங்காயம் பழகட்டும்.

உங்கள் திட்டுக்கும் ஆசிக்கும் உரிய,
ஸ்ரீரஞ்சனி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஜான்சி வீட்டுச் சாமான் வண்டி. அச்யுத் மாமாவே கதவைத் திறந்துவிட்டு, "பாத்து, பாத்து, பீரோ இடிக்கப்போறது!" என்கிறார். புதுக் குடித்தனத்தைப் பார்க்கச் சம்பந்தி நாளைக்கு வருகிறாராம். ஆகவே மேலே கேட்ட சம்மதம் இனி தேவையில்லை. இன்னொன்று. லிஃப்ட் பக்கத்தில் நானே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன்: 'எந்த நிபந்தனையும் இல்லாமல் வீடு கொடுக்க ஆரம்பத்திலிருந்தே விரும்பிய திரு. சுப்பராமனுக்கு நன்றி.' எல்லோரும் படித்துவிட்டார்கள், பெரியப்பா. இனி நீங்கள் வேண்டாம் என்று சொன்னால்தான் மனம் மாறியவர் ஆவீர்கள்.