தோற்றவர்க்கு ஈந்த ஒற்றைப் புள்ளியும் ஹவ்ரிலுக் தேர் செலுத்திய படலமும்

இருநூறடி நீளமும் எண்பத்தைந்தடி அகலமும் கொண்ட வெண்பனிப் பேரரங்கின் ஒரே சாரதியும், இருபத்தாறு ஆண்டுகளாக அதனை வலம்வந்தும் ஒருமுறையேனும் சுற்றுச்சுவரில் உரசாதவரும் (ஒருமுறை உரசியதுண்டு, பிழை கதவினுடையதே என்று அவரே விசாரித்து அவரே தீர்ப்பளித்தார்), வீரர்தம் இரும்புக் காலணிகள் கீறிக் குதறிய பனித்தரையை வெந்நீர் வார்த்து மீண்டும் கண்ணாடியாக்கும் இயந்திரத் தேரின் தலைவருமாகிய நெஸ்டர் ஹவ்ரிலுக் வாழி. அவர்தம் ரப்பர்க் காலணி வாழி. அவர் தொப்பியில் பொறித்த காட்டெருமை, நூல் பிரிந்து ஒரு கொம்பை இழந்தபோதும், வாழி.

சஸ்காட்செவன் சமவெளியில், மார்ச் மாதமும் குளிர்காலமே என்று எல்லோரும் சண்டையின்றி ஒப்புக்கொண்டுவிட்ட ஹார்லன் ஃபோர்க் நகரில், காட்டெருமைகள் எனப் பெயர் பூண்ட தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி வாழ்ந்தது. அவ்வாண்டு அது எழுபத்திரண்டு களம் கண்டது. முப்பத்தெட்டில் வென்றது. எஞ்சிய முப்பத்து நான்கிலும் அறுபது நிமிடத்துக்குள்ளாகவே, முழுமையாக, சாக்குச் சொல்ல இடமில்லாமல் தோற்றது. அதன் பகையணியாகிய பிரின்டில் நகரத்து நீர்நாய்களோ வென்றது முப்பத்து மூன்றே ஆட்டம். ஆயினும் லீக்கை ஆளும் பெருமக்கள் வெதுவெதுப்பான அறையொன்றில் கூடி, வறுத்த முந்திரியைக் கொறித்தபடி வகுத்த அறம் யாதெனில்: வென்றவர்க்கு இரண்டு புள்ளி, தோற்றவர்க்கு ஒன்றுமில்லை, ஆனால் அறுபது நிமிடம் சமனில் இழுத்தடித்து, அதன்பின் வரும் கூடுதல் நேரத்தில் தோற்றவர்க்கு, மனம் நோகுமே என்று ஒரு புள்ளி. இவ்வாறு பத்துமுறை மனம் நொந்தே பத்துப் புள்ளி திரட்டியிருந்தன நீர்நாய்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் காட்டெருமைகள் தம் இறுதிப் போரையும் வென்று எழுபத்தாறு புள்ளியில் நிமிர்ந்து நின்றன. நீர்நாய்களும் எழுபத்தாறு, ஆனால் அவற்றுக்கு இன்னும் ஓர் ஆட்டம் மீதம். பிளே-ஆஃப் என்னும் கோப்பைச் சுற்றுக்கு ஓரிடமே பாக்கி. அரங்கின் சிற்றுண்டிக் கடையில் அவ்வாட்டத்தைக் காட்டிய தொலைக்காட்சியின் முன், குழம்பூற்றிய உருளைக்கிழங்கு வறுவல் ஆறிக் கட்டியாவதையும் உணராது, நெஸ்டர் கல்லாய்ச் சமைந்து நின்றார். இருபத்தாறு ஆண்டில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்துக்கேனும் அவர் தேர் செலுத்தியதில்லை. வரும் ஜூனில் ஓய்வு.

அறுபதாம் நிமிடத்தில் மூன்றுக்கு மூன்று. சங்கொலி முழங்கியதுதான் தாமதம், நீர்நாய்கள் துள்ளிக் குதித்தன. அந்த ஒற்றைப் புள்ளி அப்போதே அவற்றின் மடியில் விழுந்துவிட்டதன்றோ. கூடுதல் நேரத்தின் நாற்பத்தோராவது நொடியில் வட்டு அவற்றின் வலைக்குள் புகுந்தது. தோற்ற படை ஒன்றையொன்று கட்டித் தழுவிக் கண்ணீர் உகுத்தது. வென்ற படை மட்டைகளைப் பிடித்துக்கொண்டு, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றது. நானிலத்துப் போர்க்களங்களில் புறமுதுகிட்டோர்க்கு விருது வழங்கிய வேந்தன் எவனும் இலன். அக்குறையை லீக் நீக்கிற்று.

சிற்றுண்டிக் கடையை ஆள்பவள் ஐவி மெக்காஸ்கில். பிறந்தது பிரின்டிலில்; ஆகவே நீர்நாய்களின் அடியவள். கடைச் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில் புள்ளிப்பட்டியலை எழுதும் உரிமையும் அவளுடையது. சிவப்பு மையால் அவள் எழுபத்தேழு என்று வரைந்த மறுகணம், நெஸ்டரின் சட்டைக்கை அதைத் துடைத்தெறிந்தது.

“ஏன் அழிச்ச?”

“தோத்தவனுக்கு எதுக்குப் புள்ளி? அழுகைய நிறுத்த மிட்டாய் குடுக்கறீங்களா?”

“ரூல் இருக்குப்பா. உங்க ஆளுங்களும் கூடுதல் நேரத்துல தோத்திருக்க வேண்டியதுதானே, யாரு வேணாம்னா?”

“எங்களுக்குத் தோக்கத் தெரியாது.”

“முப்பத்துநாலு தடவ தோத்திருக்கீங்க, நெஸ்டர்.”

“அது நேர்மையாத் தோத்தது.”

ஐவி மீண்டும் எழுதினாள். நெஸ்டர் மீண்டும் துடைத்தார். இவ்வண்ணம் ஐந்துமுறை எழுபத்தேழு பிறந்து ஐந்துமுறை மாண்டது. ஆறாம் முறை அவள் அழியாத மையை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை அரங்க மேலாளர் கார்த் பென்னர் வந்து, சீசன் முடிந்தது, குளிர்விக்கும் இயந்திரத்தை நிறுத்திப் பனியை உருக்கிவிடலாம் என்றார். அச்சொல் செவியில் விழுந்த கணமே நெஸ்டர் பனித்தளத்தின் வாயிற்கதவை உள்ளிருந்து தாழிட்டார், எரிவாயு நிறைத்த தேரில் ஏறினார், அதன் கர்ஜனை நாலாயிரம் வெற்று இருக்கைகளையும் நடுக்குறச் செய்ய, உரத்துப் பிரகடனம் செய்தார்: “முப்பத்தெட்டு ஜெயிச்சவன் வீட்டுல, முப்பத்து மூணு ஜெயிச்சவன் களத்துல. இந்தக் கணக்கைத் திருத்தற வரைக்கும் இந்த ஐஸ் உருகாது.”

சுற்றினார். ஒருவரும் ஆடாத தளத்தில், ஒரு கீறலும் விழாத பனியின்மேல், மீண்டும் மீண்டும் வெந்நீர் வார்த்தவாறு, மணிக்கு ஒன்பது மைல் என்னும் அஞ்சத்தகு வேகத்தில், கடலை மறித்துக் கரைகட்டப் புறப்பட்ட பெருவேந்தனின் கடுகடுத்த முகத்தோடு, இரண்டு மணி நேரம் சுற்றினார். லீக்கின் பெருமக்களோ அந்நேரம் வேறொரு நகரில் காலை உணவை முடித்து இரண்டாம் காபி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தடுப்புக் கண்ணாடியில் வாய் வைத்துப் பென்னர் கத்தினார்: “நெஸ்டர், இறங்குப்பா. அந்த ரூலுக்கு நம்ம ஓனரும்தான் கை தூக்கினாரு.”

தேர் தயங்கிற்று. “எப்போ?”

“மூணு வருஷம் முன்னாடி. எல்லாரும் மார்ச் வரைக்கும் போட்டியில இருக்கற மாதிரி தெரிஞ்சாத்தானே டிக்கெட் போகும்?”

பகைவர் எறிந்த வேல் மார்பில் தைத்தால் பெருமை. சொந்தப் பாசறையிலிருந்து வந்ததை எங்கே வாங்குவது? திரும்பும் முனையில் நெஸ்டர் சுவரில் உரசாமல் ஓரங்குலத்தில் தப்பினார்.

அவ்வேளை, உடைமாற்றும் அறையிலிருந்து தன் மூட்டையை எடுத்துப்போக வந்தான் அணித்தலைவன் ஜோயல் லாவலி. இருபத்தொன்பது வயது, ஒப்பந்தம் முடிந்தது, அடுத்த வாரம் முதல் மாமனோடு கூரை வேய்கிற வேலை. அவன் தடுப்பைத் தாண்டிக் குதித்துத் தேரின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டான்.

“கோச் சொல்லிட்டே இருந்தாரு, நெஸ்டர். சமனா இருந்தா பின்னாடி நில்லு, ஒரு புள்ளி எப்படியும் வந்துரும்னு. என்னால முடியல. கடைசி அஞ்சு நிமிஷத்துல முன்னாடி ஏறிப் போயி ஆறு ஆட்டத்த விட்டிருக்கேன்.”

“தெரியும். பாத்தேன்.”

“ரெண்டே ரெண்டுல சும்மா நின்னிருந்தாப் போதும். உங்களுக்கு பிளே-ஆஃப் கெடச்சிருக்கும்.”

ஐந்து புள்ளிப்பட்டியல்களை அழித்த நெஸ்டரின் கை, தேரைத் திருப்பும் சக்கரத்தை இறுகப் பற்றியிருந்தது.

“நின்னிருந்தா உனக்கு ஐஸே போட்டிருக்க மாட்டேன்” என்றார். பிறகு, “ஷூவை மாட்டு. ஒரு சுத்து போ.”

ஜோயல் இரும்புக் காலணி பூண்டு இறங்கினான். அதுவரை எந்த வீரனுக்கும் வாய்த்திராத அந்த மாசறு பளிங்குப் பரப்பில், எதிரியும் இல்லை, வட்டும் இல்லை, கணக்கெழுதுவாரும் இல்லை. காற்றைக் கிழித்து அவன் ஒருமுறை வலம்வந்தான், மறுமுறையும் வந்தான். பென்னர் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார். மூன்றாம் வலத்தில் எரிவாயு தீர்ந்து, இருமி, பெருமூச்செறிந்து, நடுவட்டத்தில் தேர் நின்றது. நெஸ்டர் ஹவ்ரிலுக் இறங்கினார். தாம் இழைத்த கண்ணாடியின்மேல் வழுக்காமல், தொண்ணூறு சிற்றடிகளில் வாயிலை அடைந்து தாழை நீக்கினார்.

அங்கே காபியோடு நின்றாள் ஐவி.

“எவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்ச?”

“ரெண்டரை மணி.”

“அப்போ கூடுதல் நேரத்துலதான் தோத்திருக்க” என்றாள் அவள். “உனக்கும் ஒரு புள்ளி.”

வெஞ்சினமும் வாய்மையும் மானமும் மறமும் ஒருங்கே திரண்ட அம்மாவீரர் அவளை ஏறிட்டு நோக்கினார்; விண்ணதிர ஒரு மறுமொழி உரைக்க வாய் திறந்தார்; அவள் நீட்டிய காபி நாவைச் சுட்டது; வாயை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை, பனி உருகிக் காய்ந்த அந்த இடத்தில் தோட்டச் சாமான் கண்காட்சி நடந்தது, நெஸ்டர் ஒரு மண்வெட்டி வாங்கினார்.