வெண்கலத்தில் ஏறி வானத்துக்குப் போன கதை

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அவ்விடம் தங்கள் சௌக்கியத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் நீங்கள் போனை அணைத்துப் போட்டுவிட்டுத் தலை வரைக்கும் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பதாகவும், இனி எழுத்து வேலையே வேண்டாம், இரண்டாம் பாகம் எழுத முடியாது என்று வெள்ளிக்கிழமை பதிப்பகத்தில் சொல்லிவிடப் போவதாகவும் மகள் அழுதுகொண்டே சொன்னாள். ஆகவே விசாரிப்பை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் மகள் மூலம் எனக்கு இட்ட உத்தரவு கிடைத்தது. டிவியில் அத்தனை பேரும் பார்த்த தொடர், பாதியில் நின்றுபோன அதன் மீதிக் கதையை நாவலாக எழுதச் சொல்லி உங்களைத் தேடி வந்து கேட்டார்கள், நீங்களும் ராப்பகலாக எழுதிக் கொடுத்தீர்கள், கடைசியில் அச்சுக்குப் போகிற நேரத்தில் யாரோ கம்ப்யூட்டரில் எதையோ தட்டப்போய், நீங்கள் 'விண்கலம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'வெண்கலம்' என்று மாறிவிட்டது, 'வெண்கலம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே பாய்ந்தது' என்றால் ஊரே சிரிக்காதா, ஆகவே நான் பெருமைக்குத் தெருவெல்லாம் கொடுத்த புத்தகங்களை ஒன்று விடாமல் திரும்ப வாங்கிக் கட்டிப் பரணில் போட வேண்டும். இதுதானே? மாப்பிள்ளை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறீர்கள், சரி, மறைத்துப் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நானும் பாதிக்கு மேல படிச்சேன், எனக்கு ஒண்ணும் தப்பாவே தெரியல. ஏதோ விஞ்ஞானம், வெண்கலத்துல செஞ்சிருக்காங்க போலன்னு போயிட்டேன்.

நான் காலமெல்லாம் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவன். வாசகர் என்று இந்தத் தெருவில் யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக் கதவை எப்படித் தட்டணும், எந்த வீட்டு நாய்க்கு என்னைப் பார்த்தால் ஆகாது, எல்லாம் அத்துப்படி. முதலில் மருந்துக்கடைக்குப் போனேன். "புத்தகத்தைக் கொடுங்க, அதுல ஒரு தப்பு இருக்கு"ன்னேன். அந்த மனுஷன் கடையில நின்ன ஆளுங்களையெல்லாம் விட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "எனக்கும் தெரியும் சார், நானே உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லணும்னு இருந்தேன்"னார். போச்சுடா, மானம் போச்சுன்னு நினைச்சேன். "டிவியில கேப்டனம்மா பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இருமுவாங்க. கடைசி அத்தியாயம் தவிர மீதி பூராவும் தேடிட்டேன், ஒரு இருமல் இல்ல. எப்படிக் குணமாச்சு? என்ன மருந்து?" அவ்வளவுதான் அவர் கண்டுபிடிச்ச தப்பு. வெண்கலம்னு மெதுவா எடுத்துக் கொடுத்தேன். "அதுக்கென்ன? தும்பைப் பூவா பளபளன்னு நல்ல வெண்கலம்" என்றார். தும்பைப் பூவுக்கும் வெண்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. புத்தகத்தைக் கொடுக்கவும் மாட்டேனென்றுவிட்டார்.

அடுத்து வெல்டர் பட்டறை. இங்கேதான் எனக்குப் பயம், ஏனென்றால் அவன் உலோகத்தோடயே குடித்தனம் நடத்துகிறவன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளயே கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு, "அண்ணே, உங்க மாப்பிள்ளை மேல எனக்குப் பயங்கரக் கோபம் இருந்துச்சு"ன்னான். "வெண்கலத்துல போய் எவனாவது வானத்துக்குப் போற வண்டி செய்வானா, சூட்டுல உருகி ஊத்திடாதா, எழுதுறவங்களுக்கு என்ன தெரியும்னு தூக்கிப் போட்டேன். அப்புறம் ஏழாவது அத்தியாயம் படிச்சேன்ணே. ஓட்டை விழுந்த இடத்தைச் சமையல்காரம்மா கரண்டிக் காம்பை வெட்டி வச்சுப் பத்தவைக்குது பாருங்க, அப்படியே அழுதுட்டேன். என் தொழிலை இவ்வளவு அழகா யாருமே எழுதினதில்ல"ன்னான். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். மீதிப் புத்தகத்தையாவது கொடு என்றேன். எதிர்வீட்டுக் கணக்கு டீச்சரிடம் போயிருக்கிறதாம்.

கணக்கு டீச்சரை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே சிவப்பு மையால் ஒற்று போட்டுத் திருப்பிக் கொடுத்தவர். அங்கே போனால் வாசலெல்லாம் செருப்பு. உள்ளே ஹாலில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கிறது! சாயங்காலமானால் டீச்சர் ஒரு அத்தியாயம் சத்தமாக வாசிக்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தம்மாவுக்கு இயற்கையிலேயே வெண்கலக் குரல். அந்தக் குரலில் 'வெண்கலம் அதிர்ந்தது' என்றால் சுவர்க் கடிகாரமே அதிர்கிறது. யாரும் முன்கூட்டிப் படித்துவிடக் கூடாதென்று கடைசி அத்தியாயத்துக்குத் துணி காயப்போடுகிற கிளிப்பைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார், மருந்துக்கடைக்காரரிடம் உள்ள புத்தகத்துக்கும் சேர்த்துத்தான். புத்தகத்தைத் திருப்பித் தாங்கன்னு நான் கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு எழுந்து ஒரே கூச்சல், வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டி, "சார், நான் முதல் பக்கத்திலேயே கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டு பக்கம் வரைக்கும் திருத்தினேன். மூணாவது பக்கத்துல கதை சூடு பிடிச்சுருச்சு, பேனாவை மூடிட்டேன். உங்க மாப்பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லுங்க, நான் பேனாவை மூடின ஒரே புத்தகம் இதுதான்னு" என்றார். வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை கூட்டத்துக்கும் நடுவில், டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் அத்தைதான். ஆஸ்பத்திரி கேன்டீனில் அத்தனை வருஷம் கரண்டி பிடித்தபோது கிடைக்காத மரியாதை இப்போது கிடைக்கிறது. கேப்டனம்மாவும் இன்ஜினீயரும் கைகலப்புக்குப் போகும்போது சமையல்காரம்மா குறுக்கே வந்து, "முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் சண்டை போடுங்க, வெறும் வயித்துல போடுற சண்டை எடுபடாது" என்கிறாளே, அது யாருடைய வசனம்? நீங்களும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கு அத்தை சொன்னதை அப்படியே வரி மாறாமல் வானத்துக்கு ஏற்றிவிட்டீர்கள். கள்ளன் மாப்பிள்ளை நீங்கள்! "மாப்பிள்ளை என்னைத்தான் எழுதியிருக்காரு" என்று காய்கறிக்காரரிடம் தொடங்கி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்கு மட்டும் அதில் எங்கேயும் ஒரு வேஷமும் இல்லை. பரவாயில்லை.

ஆகவே வாசகர்களின் ஏகோபித்த கருத்து என்னவென்றால், புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. எழுத்தென்ன, புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "டிவி தொடர்களை நாவலா எழுதுறேன் சார்"னீங்க. "அது சரி தம்பி, வேலை?"ன்னு மறுபடியும் கேட்டேன். இப்ப சொல்றேன் மாப்பிள்ளை, அதுதான் வேலை. செருப்பு விடுற இடத்துல சண்டை வர்ற அளவுக்கு ஒரு தெருவையே ஒரு ஹால்ல உட்கார வச்சிருக்கீங்க. போர்வையை உதறிட்டு எழுந்திரிங்க. அப்படியும் மனசு ஆறலைன்னா, எழுத வேண்டாம், கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. இந்த ஒரு புத்தகமே எங்களுக்கெல்லாம் போதும், ஆயுசுக்கும் வச்சுப் படிப்போம். யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். இன்று சாயங்காலம் கிளிப்பைக் கழற்றிக் கடைசி அத்தியாயம் வாசிக்கிறார்கள், அத்தை புதுச் சேலை கட்டிக்கொண்டு இப்போதே கிளம்பியாகிவிட்டது. வீட்டில் கேட்க ஆளில்லாத தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீங்களும் என் மகளும் பேச்சு குறையாமல், சிரிப்பு குறையாமல், வீட்டில் காகிதம் குறையாமல் நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் அன்பு மாமா

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம், அடித்துவிடத்தான் நினைத்தேன், பேப்பர் வீணாகிறதே என்று விட்டுவைத்தேன். கடைசி அத்தியாயம் வாசித்தாயிற்று. என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீங்க மாப்பிள்ளை? சமையல்காரம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திட்டீங்களே! வெண்கலம் அவங்களை விட்டுட்டுத் தூரமாப் போகுதுன்னு புத்தகத்தை முடிச்சுட்டீங்களே! டீச்சரின் வெண்கலக் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் இருமுகிறார். வெல்டர் புத்தகத்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறான், வேண்டியபோது யாரும் கொடுக்கவில்லை, இப்போது எல்லாம் என் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கிறது. உங்கள் அத்தை வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னங்க, மாமியாரைக் கொல்லணும்னா ஊருக்குள்ளயே கொன்னிருக்கலாமே, வானம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அத்தை திடீரென்று எழுந்து சமையலறைக்குப் போய்க் கரண்டியை எடுத்து வந்து அண்டாவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "வெளியே போகும்போது அவ கையில கரண்டி இருந்துச்சுன்னு மாப்பிள்ளைதானே எழுதியிருக்காரு? வெறும் தகரம்னா பரவாயில்ல, அந்த வண்டி வெண்கலம்ங்க! வெளியே இருந்து ஒரு தட்டு தட்டினா உள்ளே கணீர்னு கேட்காதா? கதவைத் திறக்க மாட்டாங்களா?" வெல்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். காற்றே இல்லாவிட்டாலும் உலோகத்துக்குள்ளே சத்தம் ஓடுமாம், தட்டுகிறவள் வெண்கலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதுமாம். ஆகவே அந்தம்மா பின்பக்கம் எங்கேயாவது தொத்திக்கொண்டிருக்கட்டும், மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை பதிப்பகத்தில் முடியாது என்று சொல்ல வேண்டாம். அத்தை கரண்டியோடு வாசலிலேயே நிற்கிறாள், அவள் இன்னும் வெளியேதான் இருக்கிறாள், சீக்கிரம் கதவைத் திறங்கள்.