ஹாலுக்குள் வந்த மாடும் அது விட்டுச்சென்றவையும்

மோகனூரில் இருக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் சின்னுசாமி அவர்களுக்கு, நாமக்கல்லிலிருந்து தங்கை கோகிலவாணி எழுதுவது. தாங்கள், அண்ணி, மகன் கௌசிக் மூவரும் நலம் என நம்புகிறேன். இங்கு என் புது வீட்டில் நானும் சில ஆயிரம் உண்ணிகளும் நலம்.

அவை வந்த கதையைத் தாங்கள் ஊரெல்லாம் வேறுவிதமாகச் சொல்லி வருவதால் எழுதுகிறேன். புதுமனை புகுவிழாவுக்குப் பசு வாசல்வரை வந்தால் போதும் என்றேன். "ஏனம்மிணி, மாடு உள்ள வராத ஊடு ஒரு ஊடா? வெலங்கியல் டீச்சர்ன்னா சாங்கியத்தையும் உட்டுப்போடோணுமா?" என்று தங்கள் சொந்தப் பசுவையே ஹாலுக்குள் இழுத்து வந்தீர்கள். அதன் காதுக்குள் ஆமணக்கு விதைபோல உப்பித் தொங்கியவற்றைக் காட்டினேன். "கெடக்கட்டும் உடு, அதும் ஒரு உசுருதான" என்றீர்கள். உயிர்தான் அண்ணா. இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி தானே கழன்று விழும், இடுக்கு தேடிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். பூஜையறை நிலைக்கும் சுவருக்கும் நடுவே தாங்கள் பிடித்துக்கொடுத்த கொத்தனார் விட்டிருந்த சந்து அதற்கு வசதியாகப் போயிற்று. சில வாரம் கழித்து, எள்ளைவிடச் சிறிய ஆறுகால் குஞ்சுகள் திரைச்சீலை ஓரத்தில் ஏறி, முன்னங்காலை நீட்டிக்கொண்டு, மூச்சு விடுகிற ஏதாவது வருமா என்று காத்திருந்தன. இந்த வீட்டில் மூச்சு விடுவது நான் ஒருத்திதான். கடித்தால் வலிக்காது, எச்சிலே தோலை மரத்துப்போக வைக்கும். காய்ச்சல் வந்தது, கையெல்லாம் சிவப்புப் புள்ளி, முட்டிக்குப் பின்னால் கருகிய பொருக்கு. டாக்டர் அதைப் பார்த்ததும், "ஊட்ல மாடு கட்டீருக்கறீங்களா?" என்றார். இல்லை, ஹாலில் கொஞ்ச நேரம் நின்றது என்றேன். மாத்திரையில் காய்ச்சல் விட்டது.

தாங்கள் ஆப்பிளோடு பார்க்க வந்தீர்கள், ஜோதிடரையும் கூட்டிக்கொண்டு. அவர் சோபாவில் உட்கார்ந்து காலைச் சொறிந்தபடியே, "தனியா இருக்கற பொம்பள பேர்ல மனை ஆகாதுங்க" என்றார். அவர் காலில் ஏறியது என்னவென்று நான் சொல்லவில்லை. அண்ணி மட்டும், "ஏனுங்க, மொதல்ல மருந்தடிக்கலாமுங்க" என்றார். "நீ சித்தெ சும்மா இரு" என்றீர்கள். வீட்டைக் கௌசிக் பேருக்கு எழுதிவிட்டு நான் மோகனூருக்கு வந்துவிட வேண்டுமாம், அதற்கு முன் தோஷம் கழிய வெள்ளிக்கிழமை அதே பசு மறுபடி உள்ளே வர வேண்டுமாம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் சரி என்றுவிடுவாள் என்று நினைத்திருக்கிறீர்கள். உண்ணியாவது வயிறு நிறைந்ததும் கழன்றுகொள்கிறது.

என் சம்பளத்தில் கட்டிய வீடு என் பேரில்தான் இருக்கும். மருந்தடிக்கும் ஆள் நாளை வருகிறார். அதன்பின் இங்கே நான் மட்டும்தான். இனித் தங்கள் வாசலை நான் மிதிக்க மாட்டேன், தங்கள் மாடும் என் வாசலை மிதிக்க வேண்டாம்.

அண்ணிக்கு அன்பு, கௌசிக்குக்கு ஆசி, தங்களுக்கு வணக்கம்.

கோகிலவாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அண்ணி போன் செய்தார். பசு படுத்துவிட்டதாம், சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதாம், என் வீட்டுத் தோஷம் ஒட்டிக்கொண்டது என்று தாங்கள் மந்திரிக்க ஆள் தேடிப் போயிருக்கிறீர்களாம். அது உண்ணி கொடுக்கும் நோய், இன்றே ஊசி போட்டால் பிழைக்கலாம். கால்நடை டாக்டரை ஏற்றிக்கொண்டு, இந்தக் கடிதத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு வருகிறேன். பசு எழுந்து நின்றுவிட்டால், மருந்து தெளித்து, என்றைக்கு வேண்டுமானாலும் என் ஹாலுக்கு ஓட்டி வாருங்கள், கேட்டை நானே திறக்கிறேன். பத்திரத்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.