பூட்டுக்கு வச்ச பேரு

மில் டைம் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, யார் யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதியே ரிட்டையர் ஆனவர் சமுத்திரம். 1998 சித்திரையில், காலைக் காப்பியைக் குடித்துவிட்டு ஒரு பெரிய முடிவெடுத்தார். ராஜபாளையத்துப் பெருசுகள் அத்தனை பேருக்கும் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்காமல் ஓய்வதில்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனுஷனுக்கு வீட்டு மிக்ஸியே போடத் தெரியாது.

ஆனால் விண்ணப்பம் எழுதுவதில் புலி. மதுரையில் ஏதோ ஒரு அறக்கட்டளை, ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்கப் பணம் தருகிறது என்று பேப்பரில் பார்த்தார். ஏழு பக்கம் எழுதித் தட்டிவிட்டார். உத்தரவு வந்தேவிட்டது. ஒரு கம்ப்யூட்டர், டீச்சருக்கு மூன்று மாசச் சம்பளம், டீக்கான செலவு. கூடவே ரெண்டு நிபந்தனை. பத்துப் பேரில் நாலு பேர் பெண்களாக இருக்க வேண்டும். மூன்று மாசம் கழித்து அதிகாரி வருவார். ஒருத்தராவது டீச்சர் துணையில்லாமல் ஒரு கடிதம் அடித்துக் காட்டினால் வருஷம் பூராவும் பணம் வரும். இல்லையென்றால் வந்த பெட்டியிலேயே கம்ப்யூட்டர் திரும்பிப் போகும்.

முதல் நிபந்தனையை ஒரே நிமிஷத்தில் முடித்தார். மனைவி பரிபூரணம், பக்கத்து வீட்டுப் பெண்கள் மூணு பேர், ஆக நாலு கையெழுத்து.

“வகுப்புக்கு எப்ப வரணும்?” என்று கேட்டாள் பரிபூரணம்.

“ஏட்டி, ஒம்பேரு இருந்தாப் போதும். நீயும் வந்து ஒக்காந்தா டீ யாரு போடுவா?”

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. காலையில் ஏட்டி, மத்தியானம் ஏட்டி, கோபம் வந்தால் அதையே கொஞ்சம் நீட்டி. அவளும் அவர் பேரைச் சொன்னதில்லை. ஆனால் அது மரியாதைக் கணக்கு. ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால், திருச்செந்தூர்க் கோயிலுக்கு முன்னால் கிடக்கிற பெரிய தண்ணி என்பாள். கடைக்காரரும் புரிந்துகொண்டு எழுதிக்கொள்வார்.

கம்ப்யூட்டர் வந்தது. மில்லில் கொடுத்த ரிட்டையர்மென்ட் ஷீல்டுக்கு நேர் கீழே மேஜை போட்டு வைத்தார். தெருவில் அவருக்கு ‘கம்ப்யூட்டர் அண்ணாச்சி’ என்றே பேராகிவிட்டது. மவுஸ் ஒன்று மேஜை மேலே, மவுசு இன்னொன்று அவர் முகத்திலே. ஒரே ஒரு பயம்தான். அதிகாரி வரும் விழாவுக்குப் பெரிய மனிதர்களை அழைக்கத் தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார், வீட்டில் பரிபூரணம் தனியாக இருக்கிறாள். ஒரு தடவை அவர் கைவிட்ட ரேடியோவை அவள் ஊசியும் கத்தியும் வைத்துப் பாட வைத்துவிட்டாள். அந்தக் கேவலத்தைத் தெரு இன்னும் மறக்கவில்லை.

டீச்சர் கிருபாபாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் சொல்லித் தருகிறவர். இதுக்குப் பூட்டு உண்டா என்று அவரிடம் கேட்டார் சமுத்திரம். உண்டு சார், ரகசியமா ஒரு வார்த்தை சொல்லுங்க, அதை அடிச்சாத்தான் திறக்கும் என்றார் அவர்.

“எம்பேரையே போடுங்க.”

“அது ஊருக்கே தெரியுமே சார்.”

“ஊருக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும். இந்த வீட்டுல இருக்கவ அதைச் சொல்லவே மாட்டா.”

கிருபாபாய் ஷீல்டை நிமிர்ந்து பார்த்து, அதில் பொறித்திருந்த அவர் பேரின் இங்கிலீஷ் எழுத்துகளை அப்படியே அடித்துவைத்தார். வாசலில் ராஜபாளையம் நாயைக் கட்டிப்போட்ட நிம்மதியோடு சமுத்திரம் பஸ் ஏறினார்.

வகுப்பு நாலு மணிக்கு. ஆறு ஆண்கள் வருவார்கள், ஃபேனுக்குக் கீழே உட்காருவார்கள், டீ குடித்துப் பேப்பர் படித்துப் போவார்கள். யார் எத்தனை நிமிஷம் லேட் என்று சமுத்திரம் நோட்டுப் போட்டு எழுதினார். கிருபாபாய் பாவம், தொண்டை வற்றப் பாடம் நடத்தினார். அடுப்படியில் டீ ஆற்றும் சத்தம் மட்டும் அடிக்கடி நின்று நின்று கேட்டது.

அந்த நாளும் வந்தது. மதுரையிலிருந்து அதிகாரி காசிராஜன் வந்தார், பால்கோவா சாப்பிட்டார், கிருபாபாயை வெளியே உட்காரச் சொன்னார். ஆறு பேரில் ஒருத்தருக்குக் கண் மங்கல், ஒருத்தருக்கு விரல் மடங்காது, மிச்ச நாலு பேரும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் அடுத்த தெரு. வேறு வழியில்லாமல் சமுத்திரமே உட்கார்ந்தார்.

பொத்தானை அமுக்கினார். ரகசிய வார்த்தை கேட்டது. அப்போதுதான் உறைத்தது, வாழ்நாள் பூரா அவர் தமிழில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். T போட்டுப் பார்த்தார், கீச் என்றது. D போட்டார், கீச். நடுவில் ஒரு H சொருகினார், அதற்கும் கீச். பதற்றத்தில் தலைக்கு மேலிருந்த ஷீல்டு ஞாபகத்துக்கே வரவில்லை. காசிராஜன் ஃபைலை மூடி, மூலையில் கிடந்த காலிப் பெட்டியைப் பார்த்தார். நாளைக்குத் தெரு பூராவும் சிரிக்குமே என்று நினைத்ததும் சமுத்திரத்துக்கு நாக்கு வறண்டுபோனது. சமுத்திரமே வறண்டுபோனது என்றும் சொல்லலாம்.

காப்பி கொண்டுவந்த பரிபூரணம் டம்ளரை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“செத்த எந்திரிங்க.”

டக் டக்கென்று அடித்தாள். திறந்தது. ரெண்டே விரலால் கடிதமும் அடித்தாள், தமிழில்.

‘ஐயா, வணக்கம். பேர் கொடுத்த நாலு பெண்களும் இனிமேல் வகுப்புக்கும் வருகிறோம். டீயை ஆண்கள் போட்டுக்கொள்வார்கள். இப்படிக்கு, பரிபூரணம்.’

காசிராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். பூட்டு எப்படித் திறந்தது என்று கேட்டார்.

“அவிய பேரை வாயாலதான் சொல்ல மாட்டேன். வெரலுக்கு என்ன வந்துச்சு? பூட்டுப் பேச்சும் பாடமும் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு, காலைல அவிய பஸ் ஏறுனதும் அடிச்சுப் பழகிக்கிட்டேன். அந்த ஷீல்டை நித்தம் நாந்தான தொடைக்கேன், எழுத்து மனசுல நிக்காதா?”

வருஷம் பூராவும் பணம் வர உத்தரவாகிவிட்டது. அமைப்பாளர் என்ற இடத்தில் பரிபூரணம் என்று போட்டிருந்தது. சமுத்திரம் டீ போடப் பழகினார். முதல் வாரம் சர்க்கரையை மறந்தார், ரெண்டாம் வாரம் தூளை.

மனசு கேட்குமா? எப்படியாவது கற்றுக்கொண்டு மவுசை மீட்டுவிட வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்தார். ஷீல்டைப் பார்த்து எழுத்துக்கூட்டித் தன் பேரை அடித்தார். கீச். அடுப்படியிலிருந்த பரிபூரணம், பூட்டை மாற்றிவிட்டதாகச் சொன்னாள்.

“என்ன பேரு வச்சிருக்க?”

“நீங்க என்னயக் கூப்பிடுத பேருதான்.”

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டார். பரிபூரணம் என்று அடித்தார். P போட்டு, B போட்டு, ஒரு O, ரெண்டு O, ரெண்டு A. பதினோரு மணியாயிற்று, பன்னிரண்டாயிற்று. வேர்த்துக் கொட்டியது. கடைசியில் தாங்கமாட்டாமல் கத்தினார்.

“ஏட்டி, தெறக்க மாட்டேங்குதே!”

“இப்பச் சொன்னீங்கள்ல, அதைத்தான் அடிக்கணும்.”